பேட்டரி கொங்

"வ்ஸ்ஸ்க்... வ்ஸ்ஸ்க்... வ்ஸ்ஸ்க்..."

குணாளன் பொத்தானைப் பாதி அழுத்தியபடி நின்றான். கேமராவின் லென்ஸ் முன்னும் பின்னுமாக அலைந்தது.

"என்ன தம்பி, அது இன்னும் எங்களைத் தேடிக்கிட்டு இருக்கு?" என்றார் மேடையில் நின்ற பிரேமலா. மாப்பிள்ளை தீபனின் அத்தை.

"மாமா சட்டையும் வெள்ளை, பின்னால துணியும் வெள்ளை. எங்க ஃபோகஸ் பண்றதுன்னு அதுக்குத் தெரியல, அத்தை."

"எனக்கே அவர் எங்க இருக்காருன்னு பாதி நேரம் தெரியாது!"

மேடையே சிரித்தது. டிக். ஃப்ளாஷ். க்ர்ர்ர் என்று ஃபிலிம் நகர்ந்தது.

"ஃப்ளாஷ் இல்லாம எடுக்கவா அத்தை? ஃபோகஸ் தேடினாலும் பேட்டரி, ஃப்ளாஷ் அடிச்சாலும் பேட்டரி, ஃபிலிம் சுத்தினாலும் பேட்டரி. எல்லாத்துக்கும் ஒரே பேட்டரிதான்."

"அலமாக்! கல்யாணத்துல வெளிச்சத்துக்குக் கஞ்சத்தனமா? என் முகம் கறுப்பா விழுந்துச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன். போடு, போடு!"

ஃபிலிமில்தான் கல்யாண ஆல்பம் வேண்டும் என்று அடம்பிடித்தவள் மணப்பெண் லோஷினி. கோத்தா திங்கி கோயில் மண்டபத்தில் காலையிலிருந்து அதுதான் கேலி.

அடுத்த படத்துக்கு லோஷினியின் அம்மா காளியம்மா மேடைப் படியில் கால் வைத்தார்.

"சம்பந்தீ..." பிரேமலாவின் குரல் பாகாக இழுபட்டது. "நீங்க கீழயே இருந்துக்குங்களேன். வீட்டுக்காரர் இல்லாதவங்க... நல்ல காரியம் பாருங்க. தப்பா நெனைக்காதீங்க."

"ஐயோ, அதுக்கென்னங்க. எனக்கே தெரியும்." காளியம்மா காலை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு யார் கைப்பேசியைத் தூக்கினாலும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

தீபன் தரையைப் பார்த்தான். லோஷினி குணாளனைக் கை காட்டி அழைத்தாள்.

"இங்க வாங்கண்ணே. ஃப்ளாஷ் கண்ணைக் கூசுது!"

அவள் தன் காதோரம் கடுகடுத்துச் சொன்னதையெல்லாம் அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். கேமராவைக் குடைந்துகொண்டே தன் இடத்துக்குத் திரும்பினான்.

"எங்க பக்கத்து ஆளுங்க எல்லாம் மேல வாங்க!" பிரேமலா அழைக்க, மேடை நிறைந்தது.

குணாளன் பொத்தானை அழுத்தினான். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினான்.

"பேட்டரி கொங்," என்றான்.

"செத்துப்போச்சா?"

"செத்துப்போச்சு, அத்தை."

"நான் போய் வாங்கிட்டு வரவாண்ணே?" என்றான் மாப்பிள்ளையின் தம்பி சுகுமாறன்.

"இந்தப் பேட்டரி இங்க கிடைக்காது. தெப்ராவ் பக்கம் போய்த்தான் தேடணும்."

"தெப்ராவா? அவ்ளோ தூரமா? அப்ப சாப்பிட்டுப் போறேன் லா."

லோஷினி வெடித்தாள். "ஒரு பேட்டரி கூடுதலா எடுத்துட்டு வரத் தெரியாதா? நீங்கல்லாம் ஒரு போட்டோகிராஃபரா? எனக்கு ஆல்பமே வேணாம்! போங்க, எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க!"

முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். குணாளன் கேமராவோடு அங்கேயே நின்றான்.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க கோபத்தைப் பாரு. தீபா, இனிமே உன் பாடு திண்டாட்டம்தான்." பிரேமலா புடவையை உதறிக்கொண்டு இறங்கினார். "வாங்க, பாயசம் ஆறுது. சம்பந்தி, நீங்க மேல போய் உங்க பொண்ணைச் சமாதானப்படுத்துங்க. இப்பதான் படம் எடுக்கலையே, பரவாயில்ல."

கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனது. கதவும் சாத்திக்கொண்டது.

காளியம்மா தயங்கித் தயங்கி மேடையேறி, மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு படத்துக்கா இப்படி? பாவம் அந்தப் பையன். அத்தனை பேர் முன்னால திட்டலாமா? அழாதம்மா."

மகளின் கையை விலக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் ஈரமே இல்லை.

தீபன் நகர்ந்து வந்து மாமியாருக்கு மறுபக்கம் நின்றுகொண்டான். லோஷினி அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டைப் பையில இருக்கிற பேட்டரியை எடுத்துப் போடுங்கண்ணே."