புல்வெளியிலிருந்து ஓர் அழைப்பு

"தயா, போனை வைச்சிடாத. இஞ்ச ஒரு பொம்பிளைக்குப் பிள்ளை பிறக்கப்போகுது."

லண்டன் நோர்பரியில் தன் தையல் கடையில் இருந்த தயாளினி மெஷினை நிறுத்தினாள். கணவன் நிர்மலனும் நண்பன் ஷங்கரும் அங்கிருந்து ஜீப்பிலேயே மொங்கோலியா வரை போயிருந்தார்கள். சாட்டிலைட் போனில் அவன் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"எங்க நிக்கிறியள்?"

"ஆத்தங்கரையில. ஆடு மேய்க்கிற ஒரு புருசனும் பெஞ்சாதியும் வழியில மறிச்சவை. ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு வந்தா ஆத்தில வெள்ளம், கடக்க ஏலாது. ஆம்புலன்ஸ் வேற பாதையால சுத்தி வர இருட்டிப்போகுமாம். தெரிஞ்ச டொக்டர்மார் ஒருத்தரும் போனை எடுக்கினமில்லை."

"ஷங்கர் அண்ணை?"

"ரத்தத்தைக் கண்டிட்டு அங்கால போய்க் குந்தியிருக்கிறார்."

தயாளினி கடைக் கதவைப் பூட்டினாள்.

"போனை ஸ்பீக்கரில போட்டுக் கீழ வையுங்கோ. தலை தெரியுதோ?"

"ஓம், தெரியுது. புருசன்காரன் ஆட்டுக்குட்டியை இழுக்கிற மாதிரி இழுக்கப் பாக்கிறான்."

"விடாதேங்கோ. அவன்ர கையைப் பிடியுங்கோ. அது தானா வரும். தலைக்குக் கீழ உங்கட கையை மட்டும் குடுங்கோ."

போனில் அந்தப் பெண்ணின் அலறல் கேட்டது. பிறகு காற்றின் இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

"இஞ்சேருங்கோ, கேக்குதோ?"

"வந்திட்டுது. ஆனா அழேல்லை, தயா. நீலமாக் கிடக்கு."

தயாளினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"துவாயால துடையுங்கோ. முதுகைத் தேயுங்கோ. நிப்பாட்டாதேங்கோ."

"அவன் தொப்புள்கொடியை வெட்டக் கத்தி எடுக்கிறான்."

"வேண்டாமெண்டு காட்டுங்கோ. கொடி அப்பிடியே இருக்கட்டும். நீங்கள் தேயுங்கோ."

துணி உரசும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. பிறகு விக்கலைப் போல ஏதோ ஒன்று. அது வீறிட்ட அழுகையானது.

"அழுது, தயா. அழுது." அவனும் அழுதான்.

"தாயின்ர நெஞ்சில வையுங்கோ. ரெண்டு பேரையும் சேர்த்துக் கம்பளியால மூடுங்கோ. ஆம்புலன்ஸ் வருமட்டும் பிரிக்கப்படாது."

சொன்னபடி செய்துவிட்டு அவன் மூச்சு வாங்கினான். மெல்லச் சிரிப்பும் வந்தது.

"பெட்டைப்பிள்ளை. எங்களுக்கெண்டு ஒரு பிள்ளை இல்லை, நீயென்னெண்டா மருத்துவிச்சி மாதிரிச் சொல்லுறாய். ஆரடி உனக்கு உதெல்லாம் பழக்கினது?"

தயாளினி கதிரையில் அமர்ந்தாள்.

"ஒருத்தரும் பழக்கேல்லை. உங்களைக் காண முந்தி, வன்னியில, ஷெல் விழ விழப் பங்கருக்குள்ள பெத்தனான். பக்கத்தில ஒருத்தரும் இல்லை. நானும் என்ர மகளும்தான். விடியுமட்டும்தான் உயிரோட இருந்தவள்."