ஒரு டார்ச் போதும்
மத்தியான வெயில் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. கடைக்காரர் விரல் நீள டார்ச் ஒன்றை உள்ளங்கைக்குள் பொத்தி எரியவிடுகிறார். விரலிடுக்குகள் சிவப்பாக ஒளிர்கின்றன. மனைவியோடு வந்திருக்கும் கணவன் அதை வாங்கிக் காதருகே வைத்து, பொத்தானை அழுத்தி அழுத்திக் கேட்கிறான். "சத்தம் வராததா குடுங்க. தூரத்துல இருந்து பாத்தா இந்த வெளிச்சம் தெரியுமா?" "எவ்வளவு தூரம் அடிக்கும்னுதான் சார் எல்லாரும் கேப்பாங்க" என்றபடி கடைக்காரர் மங்கலான ஒன்றை எடுத்து வைக்கிறார். மனைவி, சாவிக்கொத்தில் மாட்டும் நீல டார்ச் ஒன்றை எரியவிட்டுத் தன் வளையல்மேல் அடித்துப் பார்க்கிறாள். "எனக்கு இதுங்க. காட்டுல மூணு நாள் கூடாரம், ஆளுக்கொண்ணு வேணாமா?" அவன் அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தட்டில் வைக்கிறான். "ஒண்ணு போதும்மா. நான்தான் கூட இருக்கேனே." அவள் சிரித்துக்கொண்டே போர்வை பார்க்க உள்ளே போகிறாள். "இது ஒரு ராத்திரிதான் சார் தாங்கும். மூணு நாளுன்னா மாத்து பேட்டரி வாங்கிக்குங்க" என்கிறார் கடைக்காரர். அவன் மங்கலான டார்ச்சைச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறான். "ஒரு ராத்திரி போதும்." தட்டில் அவளுடைய நீல டார்ச் இன்னும் எரிகிறது. அதை எடுத்து அணைக்கிறான்.