கேட்டுக்கு வெளியே

கோபுர வாசலில் குடை இறங்கிவிட்டது.

பெருமாளை அது ஒரு நொடி மறைக்கும். பிறகு விலகும். விலகுகிற அந்த நேரத்தில் கருடன் மேல் வரதரைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் ஷ்யாம்சுந்தரும் அவர் மனைவி வேதாவும் சிட்லபாக்கத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு முந்தின நாளே காஞ்சிபுரம் வந்து, விடிந்தும் விடியாத இருட்டில் கருட சேவைக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நின்றார்கள்.

சரியாக அப்போது அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

வீட்டு கேமரா. பின் தெருவில் பூட்டின வீட்டை உடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் போன வாரம் வாங்கி போர்ட்டிகோவில் மாட்டியது. வாசலில் யாரோ நடமாடுகிறார்கள் என்றது.

எடுத்துப் பார்த்தார். தகரம் அடித்த கேட்டுக்கு மேலே ஒரு தலை. பக்கத்து வீட்டு தபீதாள்.

"இவளுக்கு இந்நேரத்துல நம்ம வாசல்ல என்ன வேலை?"

வேதாவும் எட்டிப் பார்த்தாள். தபீதாள் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தாள். இந்தக் கோடியைப் பார்த்தாள். கையில் ஒரு டப்பா. குனிந்தாள். கேட் மறைத்துவிட்டது. நிமிர்ந்தபோது விரல்களிலிருந்து ஏதோ வெள்ளையாக உதிர்ந்தது. மறுபடி குனிந்தாள்.

"என்னங்க அது, தூவறா?"

"பவுடர் மாதிரி இருக்கு."

"நான் சொன்னேன்ல. அவ வீட்டு முருங்கைக் கிளையை அவகிட்ட கேக்காம வெட்டாதீங்கன்னு."

"கம்பளிப்பூச்சி நம்ம பக்கம்தானே வந்துச்சு?"

"வெட்டினப்ப ஒரு வார்த்தை பேசலையே அவ. பார்த்துட்டு உள்ள போயிட்டா. அப்பவே எனக்கு சந்தேகம். செய்வினைங்க இது."

"சும்மா இரு. அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க."

"இதுக்கெல்லாம் சாமி வித்தியாசம் கிடையாது. எல்லா மதத்துலயும் செய்யற ஆள் இருக்கு."

தபீதாள் கேட்டில் தொங்கிய பையில் கையை விட்டாள். பால் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

"பாலையும் எடுத்துட்டுப் போறா பாருங்க."

"வரதா, வரதா" என்று கூட்டம் அலறியது. இருவரும் தலையைத் தூக்கினார்கள். குடை எப்போதோ விலகியிருந்தது. பெருமாள் திரும்பிவிட்டார். கருடனின் இறக்கை நுனி மட்டும் தெரிந்தது.

வேதாவின் முகம் சுருங்கியது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் வர முடியுமா என்பது அவளுக்கே சந்தேகம்.

"தெருவுல வருவாரே. அங்க போய் நின்னு பார்த்துட்டுப் போலாமா?"

"நாம இங்க நிக்க, அங்க வீடு என்ன ஆகறது? அவ நம்பர் இருக்கா உன்கிட்ட?"

"எனக்கு எதுக்கு அவ நம்பர்?"

லாட்ஜைக் காலி செய்தார்கள். போகிற வழியில் பூக்கடையில் வேதா ஒரு கவர் நிறைய எலுமிச்சம்பழம் வாங்கினாள்.

"இது எதுக்கு?"

"வாசல்ல நறுக்கி நாலு பக்கமும் எறியணும். அதுக்கப்புறம்தான் உள்ள கால் வைக்கணும்."

திருவிழாக் கூட்டத்திலிருந்து காரை வெளியே எடுப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. வாலாஜாபாத், படப்பை, முடிச்சூர் என்று வழி நெடுக ஷ்யாம்சுந்தர் தபீதாளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தார். முதல் கேள்வி பாலைப் பற்றி.

வீட்டுக்கு நாலடி தள்ளியே காரை நிறுத்தச் சொன்னாள் வேதா. அவர் இறங்கி விறுவிறுவென்று கேட்டை நோக்கி நடந்தார்.

"சார், சார், அங்கேயே நில்லுங்க." பக்கத்து வீட்டிலிருந்து தபீதாள் ஓடி வந்தாள்.

"ஏன்? மிதிச்சா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார். கலைஞ்சிடும்."

ஷ்யாம்சுந்தர் குனிந்து பார்த்தார்.

கோலம். புள்ளிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல், ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து, தாமரையா பூசணிப்பூவா என்று சொல்ல முடியாத ஒரு கோலம்.

"பின் தெருவுல திருடன் வந்ததே வாசல்ல கோலம் இல்லாததைப் பார்த்துத்தான்னு பேசிக்கிட்டாங்க. நீங்க பெட்டியோட கிளம்பினீங்களா, மனசு கேக்கல. எனக்கு இதெல்லாம் வராது சார். போன்ல பார்த்துப் போட்டேன். எங்க வீட்ல கோலமாவு ஏது, இடியாப்ப மாவுதான்."

"அதுக்கு எதுக்கு இருட்டுல, சுத்தியும் முத்தியும் பார்த்துக்கிட்டு..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தபீதாள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"பார்த்துட்டீங்களா? எங்க சபை ஆளுங்க இந்தப் பக்கம்தான் வாக்கிங் போவாங்க. நான் கோலம் போடறதைப் பார்த்தா பாஸ்டர் வரைக்கும் போயிடும். பாலுக்கும் நீங்க சொல்லிட்டுப் போகல. பை நிறைஞ்சு தொங்கினா அதுவும் காட்டிக் கொடுத்துடும்ல? எங்க ஃபிரிட்ஜுல இருக்கு, எடுத்துட்டு வரேன். ஆமா, சாமி நல்லா பார்த்தீங்களா சார்?"

ஷ்யாம்சுந்தர் காரைப் பூட்டத் திரும்பினார்.

"கவர்ல என்னக்கா, இவ்ளோ எலுமிச்சம்பழம்?"

கவரோடு இறங்கி வந்திருந்த வேதா பழங்களைப் பார்த்தாள். கோலத்தைப் பார்த்தாள்.

"ஜூஸ் போடத்தான்" என்றாள். தபீதாள் குடிவந்த நாளிலிருந்து அவளுக்காக ஒரு தடவையும் திறக்காத கேட்டை விரியத் திறந்தாள். "உள்ள வாம்மா. பார்த்து, கோலத்தை மிதிச்சிடாத."