பின்னங்கால்கள்

மாடாட்டத்தில் மாட்டு வேஷத்தின் ஒரே துணிக்குள் இரண்டு பேர். மாலையும் கைதட்டலும் தலையைத் தூக்கி ஆடுகிற மாசானத்துக்கு. பதினெட்டு வருஷமாகக் குனிந்தே பின்னங்கால்களாக ஆடும் இசக்கியப்பனுக்கு வியர்வையும், வாலை ஆட்டுகிற கயிறும்தான் மிச்சம். அன்று அவர் மனைவி பேராச்சி முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். எல்லோரும் கொம்பையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் கீழே பார்த்தாள். பித்தவெடிப்பை அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் நின்றவளிடம் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்:

"ஏட்டி, அந்தப் பின்னங்காலு எங்க வீட்டுக்காரருல்லா!"

கூட்டம் குபீரென்று சிரித்துக் கைதட்டியது. மாட்டின் பின்பக்கம் மட்டும் இரண்டடி எம்பிக் குதித்தது.

"என்னடே ஆச்சு?" முன்னாலிருந்து பதறினார் மாசானம்.

"ஒண்ணுமில்லண்ணே, நீங்க ஆடுங்க" என்றார் இசக்கியப்பன்.

வால்தான் நிற்கவேயில்லை.