காணும்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, பிக்கரிங் தாண்டி, ட்ரெயிலர் வீடுகள் நிரையாக நிற்கும் வளவு. பனி உருகி நிலம் இளகியதில் றெபேக்காவின் வீடு படுக்கையறைப் பக்கம் இறங்கிவிட்டது. கதவைச் சாத்த முடியவில்லை. வீட்டின் அடியில், இரும்புச் சட்டத்துக்கு ஜாக் வைத்துத் தூக்கியபடி, சேற்றில் மல்லாந்து கிடக்கிறான் அவளுடைய மதுரைக் கணவன் பரணி. மேலே, யாழ்ப்பாணத்து றெபேக்கா சமையலறையில் முழந்தாளிட்டிருக்கிறாள். தரையில் அவள் வைக்கும் எலுமிச்சை, அவள் சொல்லில் தேசிக்காய், படுக்கையறைக்கு உருண்டோடுகிறது. எடுத்துவந்து வைக்கிறாள், மறுபடி ஓடுகிறது. அது ஓடாமல் நின்றால் தரை மட்டம். கீழே ஜாக் முனகுகிறது. அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்குகின்றன. தேசிக்காய் மெல்லத் தள்ளாடி, நிற்கிறது.

“காணும்!” என்று கத்துகிறாள்.

அவள் ஊரில் அதற்குப் போதும் என்று பொருள். அவன் ஊரில், ஒன்றும் தென்படவில்லை என்று.

“இன்னும் மட்டம் காணுமா?”

“ஓமப்பா, காணும், காணும்!”

அவன் மூச்சைப் பிடித்து ஜாக்கை இன்னும் வேகமாக ஏற்றுகிறான். தேசிக்காய் திரும்பி வாசல் பக்கம் ஓடுகிறது. ஜன்னல் மூலையில் ‘டிக்’ என்றொரு சத்தம்; மயிரிழைக் கீறல் ஒன்று வெயிலில் மினுங்கியபடி கண்ணாடியில் ஏறுகிறது. றெபேக்கா இரண்டு கைகளாலும் தரையில் அறைகிறாள். அவனுடைய சொல்லை அவன்மேலேயே எறிகிறாள்.

“போதும், பரணி! போதும்!”

ஜாக் நிற்கிறது. கோப்பைகளும் அடங்குகின்றன. கீறல் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. தரைக்கு அடியிலிருந்து, தயங்கித் தயங்கி, அவன் குரல் வருகிறது.

“எது போதும்?”