உள்ளே இருப்பவரைக் கேட்டார்கள்

மரகதத்தின் கம்ப்யூட்டரில் படம் வரையும் புது மென்பொருள் ஒன்றைப் போட வேண்டியிருந்தது. அது முப்பத்திரண்டு பிட், அறுபத்து நான்கு பிட் என்று இரண்டு வகையாக வந்தது. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸருக்குப் பொருந்தாததைப் போட்டால் ஓடாது. "இதுவும் ஓடவில்லை என்றால் பெட்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டு மரகதம் காபி போடப் போனாள்.

பெட்டிக்குள் கலக்கம் பிடித்துக்கொண்டது.

"அறுபத்து நான்குதான். என் மேலேயே அச்சடித்திருக்கிறதே" என்றது பெட்டியின் முகப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்.

"எனக்கும் அப்படித்தான் படுகிறது. இவ்வளவு சூடு சின்ன ஆளிடமிருந்து வராது" என்றது விசிறி.

கீபோர்டுக்கு இரண்டு பேச்சும் திருப்தியாக இல்லை. அது திரையில் கட்டளை எழுதும் கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஒரே ஒரு வரிக் கட்டளை தட்டியது. "ப்ராசஸர் அண்ணே, நீங்கள் எந்த வகை?"

"முப்பத்திரண்டு பிட் தம்பி" என்றது ப்ராசஸர். "இந்த வெளிப்பெட்டி வேறொரு கம்ப்யூட்டருடையது. ஸ்டிக்கர் அதோடு வந்தவர். இத்தனை நாளில் நீதான் என்னிடமே கேட்டாய்."

திரும்பி வந்த மரகதம் திரையில் இருந்த பதிலைப் படித்தாள். அதற்கேற்றதைப் போட்டாள். மென்பொருள் உடனே திறந்தது.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றது ஸ்டிக்கர்.

"எனக்கு முதலிலேயே சந்தேகம்தான்" என்றது விசிறி.

மரகதம் வரைந்த மீன்கொத்திக்கு நீலம் பூசும் வேலை ப்ராசஸருக்கு வந்திருந்தது.