கறுப்புப் படம்

விராலிமலை பஸ் ஸ்டாண்டில் வண்டி ஐந்து நிமிடம் நின்றது. சிவபிரகாஷ் இறங்கவில்லை.

ஜன்னலோரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராத்திரி முழுக்க விமானத்தில் முழித்து வந்த கண். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. உடம்பு இன்னும் ஆகாயத்திலேயே மிதப்பது மாதிரி இருந்தது. மலைப்பக்கம் ஒரு மயில் அகவியது. அதுகூட மேகத்துக்குள்ளிருந்து வருவதாகத்தான் அவனுக்குக் கேட்டது.

இறங்கி நாலு தெரு நடந்தால் வீடு. அவன் பார்த்துப் பேசி முடித்து, பால் காய்ச்சிக் குடிபோன வாடகை வீடு. அதில் அவன் மனைவி கலைமதி இருக்கிறாள். ஆனாலும் அவன் இலுப்பூருக்கு, அண்ணன் வீட்டுக்கு டிக்கெட் எடுத்திருந்தான்.

எப்படி இறங்குவான்? அவள்தான் ஒரே ஒரு படத்தில் பதில் சொல்லிவிட்டாளே.

கத்தாருக்குப் போகிற முடிவை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தான். விசா கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தான். கலைமதி ஆடித் தீர்த்துவிட்டாள். ஆடாமல் என்ன செய்வாள்? வழியனுப்பக்கூட வரவில்லை. பேச்சு அற்றுப்போய் ஒரு வருஷம் கழித்து, இவன்தான் மனசு கேட்காமல் ஈமெயிலில் எழுதினான்: லீவு கிடைத்திருக்கிறது, வீட்டுக்கு வரட்டுமா?

பதிலுக்கு ஒரு படம் வந்தது.

போன் கேலரியில் சேமித்துத் திறந்தான். கறுப்பு. மூலைக்கு மூலை கறுப்பு. ஓர் எழுத்து இல்லை.

மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டாள் என்று முடிவுகட்டினான். ரோஷக்காரன் அல்லவா! அன்றைக்கே ஈமெயிலை மூடினான், போன் நம்பரையும் மாற்றினான்.

வண்டி கிளம்பி ஊரைத் தாண்டியது. வெயிலில் கருவேலங்காடு நிழலில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மடியில் போன். புதுசு, பழைய போனிலிருந்த படமெல்லாம் அதற்குள் வந்து கிடந்தன. புண்ணைச் சொறிகிற சுகம் ஒன்று உண்டே, அதற்காக அந்தக் கறுப்புப் படத்தைத் தேடித் தொட்டான்.

எதில் திறக்கட்டும் என்று போன் கேட்டது. வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டதில் விரல் ப்ரௌசர் மேல் போய் விழுந்தது.

படம் கறுப்பாக இல்லை.

வெளிர்ச் சாம்பல். மார்கழி விடியலில் குளத்துமேல் நிற்கும் பனி மாதிரி ஒரு சாம்பல். அதன் நடுவில், கறுப்பு மையில், கலைமதியின் கையெழுத்து மிதந்துகொண்டிருந்தது.

'வாங்க. கோவமெல்லாம் எப்பவோ போச்சு. நான் கடையில இருந்தா, மீட்டர் பெட்டி மேல ஒங்க சாவி இருக்கும்.'

மூன்று தடவை படித்தான். கனவோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நான்காவது தடவையும் படித்தான்.

அடப் பாவமே! கலைமதிக்கு பிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை. கல்யாண ஜோடி, காதுகுத்துப் பிள்ளை, கண்ணீர் அஞ்சலிப் பெரியவர் என்று எந்தப் படம் வந்தாலும் ஆளை மட்டும் வைத்துக்கொண்டு பின்னாலிருக்கும் சுவரையும் செடியையும் வெட்டி எறிவதுதான் நாளெல்லாம் அவள் பாடு. கை பழகிவிட்டது. கடிதத்தை எழுதி, போட்டோ எடுத்து, வெள்ளைத் தாளையும் அதே கையோடு வெட்டி எறிந்துவிட்டு, வெறும் எழுத்தை மட்டும் அனுப்பியிருக்கிறாள். அந்த எழுத்துக்கு அடியில் கேலரி கறுப்பை விரித்தது, கறுப்பு மை அதில் மறைந்துபோனது. ப்ரௌசர் சாம்பலை விரித்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

சிவபிரகாஷ் எழுந்து கத்திவிட்டான். விசில் அடித்து வண்டியை நிறுத்திய கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"விராலிமலையில அம்புட்டு நேரம் நின்னப்ப கண்ண மூடிட்டு இருந்துட்டு, இப்ப நடுரோட்டுல எறங்கணுங்கிறீங்களே தம்பி!"

பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தான். கால் தரையில் பாவவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. ஒரு மைல் தாண்டியதும் சிரிப்பு நின்றுபோனது.

அந்தப் படம் வந்தது நேற்றில்லை, போன வாரமும் இல்லை. இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆகிறது. கிடைத்த லீவை அன்றைக்கே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவன் அவன். வாங்க என்று கூப்பிட்டவளுக்கு ஒரு பதில்கூடப் போகவில்லை. கரியைப் பூசியது யார்? இத்தனை நாளுக்குப் பிறகும் அங்கே சாவி இருக்குமா?

வீடு பூட்டியிருந்தது. கடைக்குப் போயிருப்பாள்.

எட்டி மீட்டர் பெட்டி மேல் கையை வைத்தான். விரலெல்லாம் தூசி அப்பியது. தடவிக்கொண்டே போனான்.

சாவி இருந்தது. அவனுடைய பழைய பைக் சாவி வளையத்தோடு.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அதில் மட்டும் தூசி இல்லை. துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தது.

எண்ணெய் இன்னும் காயவில்லை.